இஎஸ்பி32 டெவ்கிட் போர்டு அடம்பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இந்தக் குறிப்பு வ்ரூம்-32 மாட்யூல் (சிப்பும், நிரலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகமும் உள்ள தகரமூடிப் பகுதி) பொருத்திய இஎஸ்பி32 டெவ்கிட் போர்டுகளுக்கானது. இஎஸ்பி32 என்பது வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப். 30 பின், 38 பின் இரண்டுக்கும் பொருந்தும். எஸ்3, சி3 வகைகளில் பின்களும் ஃபிளாஷ் முகவரிகளும் வேறு; அங்கே இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். கீழே வரும் பின் எண்கள் எல்லாம் ஜிபிஐஓ எண்கள், அதாவது சிப் தன் பின்களுக்கு வைத்திருக்கும் எண்கள். போர்டின் ஓரத்தில் எத்தனையாவது கால் என்று எண்ணிப் பார்க்காதீர்கள்.

கையில் வேண்டியவை: டேட்டா போகும் என்று உறுதியாகத் தெரிந்த யூஎஸ்பி கேபிள் ஒன்று, மல்டிமீட்டர், 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் சில, 10 மைக்ரோஃபாரட், 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

போர்டை பிரெட்போர்டிலிருந்து முழுவதுமாக உருவி எடுங்கள். சென்சார், ரிலே, டிஸ்பிளே எதுவும் வேண்டாம். யூஎஸ்பி மட்டும் செருகி, சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து இஎன் பட்டனை (ரீசெட் பட்டன்) ஒரு தட்டு தட்டுங்கள். "ஆர்எஸ்டி", "பூட்" என்று தொடங்கும் வரி வரவேண்டும்.

அடுத்து, பூட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி இஎன்னைத் தட்டிவிட்டு, ஒரு நொடி கழித்து பூட்டை விடுங்கள். "வெயிட்டிங் ஃபார் டவுன்லோடு" என்று வந்தால் சிப், கிரிஸ்டல், 3.3 வோல்ட் மின்சாரம், யூஎஸ்பி சிப், கேபிள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. இந்த வரியை எழுதுவது சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம் நிரல். ஃபிளாஷ் காலியாக இருந்தாலும் வரும். ஆகவே இது வந்துவிட்டால் பழுது மூன்றே இடங்களில்தான்: ஃபிளாஷ், உங்கள் நிரல், நீங்கள் இணைத்த வயர். புதுப் போர்டு வாங்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள்.

சில டெர்மினல் மென்பொருள்கள் திறந்தவுடன் ஆர்டிஎஸ் இணைப்பை (யூஎஸ்பி சிப் போர்டை ரீசெட் செய்யும் சிக்னல்) பிடித்துக்கொண்டு போர்டை ரீசெட்டிலேயே நிறுத்திவிடும். மானிட்டரைத் திறந்தால் நிற்கிறது, மூடினால் ஓடுகிறது என்றால் காரணம் அதுதான். ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

பூட் வரியில் இருக்கும் எண்கள்

பூட் என்ற சொல்லை அடுத்து வரும் பதினறும எண், ரீசெட் நேரத்தில் சில பின்கள் எந்த நிலையில் இருந்தன என்பதைக் காட்டுகிறது. பின் "மேலே" என்றால் 3.3 வோல்ட் அளவில், "கீழே" என்றால் கிரவுண்ட் அளவில் இருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

- 13: வழக்கமான நிலை. நிரல் ஃபிளாஷிலிருந்து தொடங்கும்.
- 3: 0-ஆம் பின் கீழே இருக்கிறது, டவுன்லோடு நிலை. பூட் பட்டனைத் தொடாமலே இது வந்தால் பட்டன் சிக்கியிருக்கிறது, அல்லது 0-ஆம் பின்னை ஏதோ கிரவுண்டுக்கு இழுக்கிறது.
- 33: 12-ஆம் பின் மேலே இருக்கிறது. ஃபிளாஷ் ஓடாது, காரணம் அறிகுறி 3-இல்.
- 17: 4-ஆம் பின் மேலே. பெரும்பாலும் பிரச்சினை இல்லை.
- 1பி: 2-ஆம் பின் மேலே. நிரல் ஓடும், ஆனால் அப்லோடு சிக்கும்.

ஆர்எஸ்டி எண்: 1 என்றால் மின்சாரம் வந்ததால் தொடக்கம். 5 என்றால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழிப்பு. 7, 8 இரண்டும் வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்). சி என்றால் மென்பொருளே ரீசெட் செய்தது, அநேகமாக நிரல் விழுந்திருக்கிறது. எஃப் என்றால் மின்னழுத்தம் சரிந்தது. 10 என்பது ஆர்டிசி வாட்ச்டாக். ஃபிளாஷ் படிக்க முடியாதபோது அடிக்கடி கண்ணில் படும்.

## அறிகுறி 1: கணினியில் போர்ட்டே தெரியவில்லை

### சிவப்பு விளக்கு எரிகிறது, போர்ட் இல்லை

முதல் சந்தேகம் கேபிள். பவர் பேங்கோடு வரும் பல கேபிள்களில் இரண்டு வயர்தான் இருக்கும். சார்ஜ் ஏறும், டேட்டா போகாது. போனைக் கணினியில் இணைத்துக் கோப்பு நகர்த்திய கேபிளையே எடுங்கள்.

கேபிள் சரியென்றால் டிரைவர். மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டை ஒட்டியிருக்கும் சிப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சதுரமாக, கால் வெளியே தெரியாமல் இருந்தால் அநேகமாக சிலிக்கான் லேப்ஸின் சிபி2102. நீளமாக, இருபுறமும் கால்களோடு இருந்தால் சிஎச்340. இரண்டுக்கும் டிரைவர் வேறு வேறு.

லினக்ஸில் டிரைவர் ஏற்கெனவே இருக்கும். ஆனால் உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இல்லாவிட்டால் போர்ட் தெரிந்தும் திறக்காது. உபுண்டு 22.04-இல் இன்னொரு வம்பு: பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் சேவை, சிஎச்340-ஐ பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு கணம் வந்து மறையும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

### யூஎஸ்பி-சி சாக்கெட் போர்டு, விளக்கே எரியவில்லை

இருபுறமும் சி முனை உள்ள கேபிளில் போட்டிருந்தால், ஒரு முனை பழைய ஏ வகையாக இருக்கும் கேபிளுக்கு மாற்றிப் பாருங்கள். மலிவான போர்டுகள் சிலவற்றில் சிசி கால்களுக்கு (இங்கே ஒரு கருவி இருக்கிறது என்று மறுமுனைக்குச் சொல்பவை) வைக்கவேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்துவிட்டார்கள். அவை இல்லாமல் சி-க்கு-சி கேபிளில் மறுமுனை 5 வோல்ட்டைத் திறக்கவே திறக்காது. போர்டு நல்ல போர்டுதான்.

### எந்தக் கேபிளிலும் விளக்கு இல்லை

மல்டிமீட்டரை எடுங்கள். விஐஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 4.6 முதல் 4.8 வோல்ட் வரை இருப்பது இயல்பு. யூஎஸ்பி பாதையில் ஷாட்கி டயோடு ஒன்று கொஞ்சம் தின்றுவிடும்.

- விஐஎன்னில் பூஜ்யம்: டயோடு எரிந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கிறது. சாக்கெட்டை மெல்ல அசைத்தால் விளக்கு மினுக்குகிறதா பாருங்கள். விஐஎன் பின்னிலிருந்து சர்வோ, மோட்டார், எல்இடி பட்டை ஓட்டினால் முதலில் பலியாவது இந்த டயோடுதான்.
- விஐஎன் இருக்கிறது, 3.3 வோல்ட் பின்னில் இல்லை: ரெகுலேட்டர் போயிற்று, அல்லது 3.3 வோல்ட் தடத்தில் ஷார்ட். இதை அறிகுறி 8-இல் பாருங்கள்.
- இரண்டும் இருக்கின்றன, விளக்கு மட்டும் இல்லை: விளக்கை விட்டுத்தள்ளுங்கள்.

டயோடு மாற்றுவது சால்டரிங் பழகியவர் கையில் ஐந்து நிமிட வேலை. மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் அப்படியல்ல; போர்டில் தாமிரத் தடத்தோடு பெயர்ந்துவந்திருந்தால் மொபைல் சர்வீஸ் கடையில் கொடுங்கள். அவர்கள் தினமும் செய்யும் வேலை அது.

## அறிகுறி 2: போர்ட் தெரிகிறது, நிரல் ஏறவில்லை

### "கனெக்டிங்" என்று புள்ளிகள் ஓடி, இணைக்க முடியவில்லை என்று நிற்கிறது

நிரலை ஏற்றும் எஸ்ப்டூல் கருவியின் பழைய பதிப்புகளில் "டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் பாக்கெட் ஹெடர்" என்றும், புதியவற்றில் "ராங் பூட் மோடு டிடெக்டட்" என்றும் வரும். சங்கதி ஒன்றுதான்: சிப் டவுன்லோடு நிலைக்குப் போகவில்லை.

1. புள்ளிகள் ஓடத் தொடங்கியதும் பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எழுதும் சதவீதம் தெரிந்ததும் விடுங்கள். ஏறிவிட்டால் கோளாறு தானியங்கி ரீசெட் சுற்றில்.
2. அந்தச் சுற்று, யூஎஸ்பி சிப்பின் டிடிஆர், ஆர்டிஎஸ் சிக்னல் இரண்டையும் கொண்டு இரு டிரான்சிஸ்டர் வழியாக இஎன்னையும் 0-ஆம் பின்னையும் ஆட்டுகிறது. விண்டோஸில் இந்த இரண்டு சிக்னலும் சற்று முன்பின்னாக மாறுவதால், 0-ஆம் பின் கீழே இறங்குவதற்குள் இஎன் மேலே ஏறிவிடுகிறது. இஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள், பிளஸ் கால் இஎன் பக்கம். இஎன் ஏறுவது தாமதமாகி, பட்டனைத் தொடாமலே நிரல் ஏறும். 1 மைக்ரோஃபாரடே போதுமான போர்டுகளும் உண்டு. நிரந்தரமாகச் சால்டர் வைத்துவிடலாம்.
3. கைமுறையாகவும் ஏறவில்லை, ஆனால் தனிப் போர்டாக எடுத்தால் ஏறுகிறது: உங்கள் வயரிங். 1, 3 ஆகிய பின்கள் யூஎஸ்பி சிப்போடு பகிரப்பட்டவை. அங்கே ஜிபிஎஸ், கைரேகை சென்சார் போன்றவற்றை மாட்டினால் அப்லோடு சாகும். சீரியல் கருவிகளை 16, 17-க்கு மாற்றுங்கள். 2-ஆம் பின்னை ஏதாவது மேலே இழுத்தாலும் டவுன்லோடு நிலை கிடைக்காது. அது கீழே அல்லது சும்மா இருக்கவேண்டும்.

### பாதி ஏறி அறுகிறது

அப்லோடு வேகத்தை 921600-இலிருந்து 115200-க்குக் குறையுங்கள். நீளக் கேபிள், யூஎஸ்பி ஹப் இரண்டையும் கழற்றுங்கள். மலிவு போர்டுகளில் ஃபிளாஷ் முறையை டிஐஓ என்றும் வேகத்தை 40 மெகாஹெர்ட்ஸ் என்றும் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் அறுந்தால் எஸ்ப்டூலில் ஃபிளாஷ் ஐடி கேளுங்கள். தயாரிப்பாளர் எண், கருவி எண் இரண்டிலும் எஃப் எஃப் என்றே வந்தால் ஃபிளாஷ் சிப் பேசவில்லை. 6 முதல் 11 வரையான பின்களில் எதுவும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்றால், மாட்யூல் போயிற்று.

## அறிகுறி 3: நிரல் ஏறியது, ஓடவில்லை

### "ஃபிளாஷ் ரீட் எரர் 1000", பூட் எண் 33

12-ஆம் பின். இஎஸ்பி32-இல் ஆட்களை அதிகம் அலையவிடும் பின் இதுதான். ரீசெட் நேரத்தில் இது மேலே இருந்தால், சிப் தன் ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் தருகிறது. வ்ரூம்-32-இன் ஃபிளாஷ் 3.3 வோல்ட் வகை. படிக்க முடியாமல் வாட்ச்டாக் சுழற்சியில் சிக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி எஸ்டி கார்டு மாட்யூல். இஎஸ்பி32-இன் இரு எஸ்பிஐ இணைப்புகளில் ஒன்றான எச்எஸ்பிஐ-இல் மிசோ (கார்டிலிருந்து டேட்டா வரும் வயர்) வருவது 12-ஆம் பின்னில்; கார்டு மாட்யூலிலோ 10 கிலோஓம் புல்-அப் (வயரை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) இருக்கும். வேடிக்கை என்னவென்றால், கார்டு வயரைப் பிடுங்கிவிட்டு நிரல் ஏற்றி, பிறகு செருகினால் ஓடும். அடுத்த முறை மின்சாரம் போய் வந்ததும் படுத்துவிடும். வாடிக்கையாளர் இடத்தில் பொருத்திவிட்டு வந்த பிறகுதான் தெரியவரும்.

எளியது முதல்: கார்டை மற்ற இணைப்பான விஎஸ்பிஐ பின்களுக்கு மாற்றுங்கள்: கிளாக் 18, மிசோ 19, மோசி 23, செலக்ட் 5. 12-ஐ விடவே முடியாதென்றால், எஸ்பிஇஃபியூஸ் கருவியால் ஃபிளாஷ் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட் என்று நிரந்தரமாகப் பதித்துவிடலாம். அதன்பின் 12 மற்ற பின்களைப் போலவே. ஆனால் இது ஒரே ஒரு முறைதான். அழிக்க வழி இல்லை. தவறி 1.8 என்று பதித்தால் போர்டு குப்பைக்கு. கட்டளையை அடிக்கும் முன் இரண்டு தரம் படியுங்கள்.

### "இன்வாலிட் ஹெடர்" என்று ஓடிக்கொண்டே இருக்கிறது

எண்ணெல்லாம் எஃப் ஆக இருந்தால், படிக்கும் இடத்தில் ஃபிளாஷ் காலி. ஆர்டுயினோ வழியாக ஏற்றுகிறீர்களானால் முழு ஃபிளாஷையும் அழித்து மறுபடி ஏற்றுங்கள். கோப்புகளைத் தனித்தனியாகக் கையால் எழுதுகிறீர்களானால் முகவரியைப் பாருங்கள். பதினறும முறையில் பூட்லோடர் 1000, பார்ட்டிஷன் அட்டவணை 8000, நிரல் 10000. எஸ்3, சி3-இல் பூட்லோடர் 0-இல் தொடங்கும். அந்தக் கட்டளையை நகலெடுத்துப் பழைய இஎஸ்பி32-இல் ஓட்டுவதால்தான் இந்தத் தலைவலி பெரும்பாலும் வருகிறது.

"கண்டறிந்த அளவு 4096கே, கோப்பில் சொன்ன அளவைவிடக் குறைவு" என்ற பொருளில் பிழை வந்தால், அமைப்பில் ஃபிளாஷ் அளவை 4 எம்பி என்று மாற்றுங்கள்.

### பிழை எதுவும் இல்லை, விளக்கு மட்டும் சிமிட்டவில்லை

30 பின் போர்டுகளில் பலவற்றில் 2-ஆம் பின்னில் நீல விளக்கு இருக்கும். சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃபின் டெவ்கிட்-சி-யிலும் அதை ஒட்டிய 38 பின் போர்டுகள் பலவற்றிலும் மின்சார விளக்கைத் தவிர வேறு விளக்கே கிடையாது. வெளியே ஒரு எல்இடியை 330 ஓம் ரெசிஸ்டரோடு மாட்டிப் பாருங்கள்.

## அறிகுறி 4: ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது

### "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிக்கர்டு"

3.3 வோல்ட் தடம் ஒரு கணம் சுமார் 2.43 வோல்ட்டுக்குக் கீழே சரிந்திருக்கிறது. வைஃபை தொடங்கும் கணத்தில் வருவது இயல்பு, ஏனென்றால் அனுப்பும்போது சிப் மட்டுமே 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய மின்சாரம் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இந்தச் சரிவைக் காட்டாது, 3.3 என்றே நின்றுகொண்டிருக்கும், ஏமாறாதீர்கள்.

1. குட்டையான, தடித்த கேபிள். ஹப் வேண்டாம், கணினியின் பின்பக்க போர்ட், அல்லது நல்ல 5 வோல்ட் அடாப்டர்.
2. ரிலே, சர்வோ, எல்இடி பட்டைக்குத் தனி 5 வோல்ட். கிரவுண்டை மட்டும் சேர்த்துவிடுங்கள்.
3. 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, போர்டை ஒட்டி, 470 மைக்ரோஃபாரட். பிரெட்போர்டின் மறுகோடியில் வைத்தால் பயன் பாதிதான்.
4. பிரெட்போர்டின் தளர்ந்த துளைகள், மெல்லிய ஜம்பர் வயர்கள். மின்சாரப் பாதைக்கு இவை வேண்டாம்.
5. இத்தனைக்கும் பிறகும் சரிந்தால் ரெகுலேட்டர் மாற்றம்.

பிரவுன்அவுட் கண்காணிப்பையே நிரலில் அணைத்துவிடச் சொல்லும் ஒரு வரி எங்கும் சுற்றுகிறது. அதைச் செய்யாதீர்கள். செய்தி மறையும், சரிவு மறையாது. குறைந்த மின்னழுத்தத்தில் ஃபிளாஷில் எழுதும்போது சேமித்த அமைப்புகள் கெட்டுப்போகும். அதைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம்.

### "குரு மெடிட்டேஷன் எரர்"

இது ஹார்டுவேர் அல்ல, நிரல். அடைப்பில் வரும் சொல்லைப் பாருங்கள்.

"லோடு புரொஹிபிட்டட்", "ஸ்டோர் புரொஹிபிட்டட்" என்று வந்து முகவரி பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், உருவாக்காத பாயின்டரைத் தொடுகிறீர்கள். சென்சார் தொடங்கவில்லை என்பதைச் சோதிக்காமல் படிப்பது வழக்கமான காரணம். "ஸ்டாக் கேனரி" என்றும் "லூப்டாஸ்க்" என்றும் வந்தால், ஆர்டுயினோவின் லூப்புக்கு இருப்பது 8192 பைட் ஸ்டாக். அதற்குள் பெரிய அணியை அறிவித்திருக்கிறீர்கள். அதை வெளியே எடுத்து உலகளாவிய மாறியாக்குங்கள். "கேஷ் டிசேபிள்டு" என்று வந்தால், இன்டரப்ட் செயற்கூறுக்கு ஐராம் குறியீடு (அதை ராமில் வைக்கச் சொல்லும் குறி) விட்டுப்போயிருக்கிறது. அடியில் வரும் பேக்டிரேஸ் எண்களை எக்ஸெப்ஷன் டிகோடரில் ஒட்டினால் வரி எண்ணே கிடைக்கும். கண்ணால் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

### வாட்ச்டாக், அல்லது அப்படியே உறைதல்

38 பின் போர்டின் ஒரு முனையில் கிளாக், சிஎம்டி, எஸ்டி0 முதல் எஸ்டி3 வரை எழுதிய பின்கள் இருக்கும். அவைதான் 6 முதல் 11. உள்ளே ஃபிளாஷோடு இணைந்தவை. வெளியே கொண்டுவந்ததே வம்பு. நிரலில் அவற்றை அவுட்புட் என்று அறிவித்த கணமே போர்டு விழும். எண்ணை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

பின்கள் சரியென்றால், எங்கோ ஒரு வைல் சுற்று யாருக்கும் இடம் விடாமல் ஓடுகிறது. உள்ளே 1 மில்லிநொடி தாமதம் போடுங்கள்.

## அறிகுறி 5: சீரியலில் குப்பை எழுத்து

பூட் வரிகளும் குப்பை: மானிட்டர் வேகம் 115200 அல்ல. பூட் வரிகள் சரி, பிறகு குப்பை: நிரலில் சீரியல் தொடங்கும் வேகம் வேறு. பூட் வரிகளே இல்லை, நிரலின் வரிகள் மட்டும் வருகின்றன: 15-ஆம் பின்னை ஏதோ கீழே இழுக்கிறது, அது கீழே இருந்தால் பூட் பதிவு அடங்கிவிடும்.

## அறிகுறி 6: அனலாக் அளவீடு தப்பு

### வைஃபை இல்லாமல் சரி, வைஃபை வந்ததும் செத்துவிடுகிறது

0, 2, 4, 12, 13, 14, 15, 25, 26, 27 எல்லாம் ஏடிசி2 (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் இரு பகுதிகளில் இரண்டாவது). அதை வைஃபை எடுத்துக்கொள்ளும். சென்சாரை 32 முதல் 39 வரை உள்ள ஏடிசி1 பின்களுக்கு மாற்றுங்கள். மென்பொருள் வைத்தியம் தேடி இரவு முழுக்க உட்காரவேண்டாம். வயரை மாற்றுவதே மருந்து.

### அளவு கோணலாக இருக்கிறது

11 டெசிபல் அமைப்பில் (ஏடிசி அளக்கும் வரம்பை விரிக்கும் அமைப்பு) நம்பத்தகுந்த வரம்பு 150 முதல் 2450 மில்லிவோல்ட். கீழ் முனையில் பூஜ்யத்தில் ஒட்டிக்கொள்ளும், மேல் முனையில் 3.3 வோல்ட்டுக்கு முன்பே 4095-ஐத் தொட்டுவிடும். சிப்பின் உள் அடிப்படை மின்னழுத்தம் 1100 மில்லிவோல்ட் என்று சொல்லப்பட்டாலும் சிப்புக்குச் சிப் 1000 முதல் 1200 வரை மாறும். எனவே வெறும் எண்ணைப் பெருக்கிக் கணக்கிடாமல், மில்லிவோல்ட்டாகத் தரும் அனலாக்ரீட்மில்லிவோல்ட்ஸ் செயற்கூறைப் பயன்படுத்துங்கள். அது சிப்பில் பதிந்த திருத்தத்தைக் கணக்கில் எடுக்கும். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட், பல அளவீடுகளின் சராசரி, இரண்டும் சேர்ந்தால் நடுக்கம் அடங்கும். பேட்டரி மின்னழுத்தம் போன்றவற்றை 2 வோல்ட் அளவுக்கு வகுத்துக் கொடுங்கள். துல்லியம் முக்கியம் என்றால் ஏடிஎஸ்1115 மாட்யூல் வாங்கிவிடுங்கள். உள்ளேயிருக்கும் ஏடிசியோடு மல்லுக்கட்டுவதில் லாபமில்லை.

## அறிகுறி 7: பின்கள் தாமாக ஆடுகின்றன

### மின்சாரம் வந்ததும் ரிலே "டக்" என்கிறது

0, 1, 3, 5, 14, 15 ஆகியவை பூட் நேரத்தில் மேலே போகும் அல்லது துடிக்கும். ரிலேயை 25, 26, 27, 32, 33 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். கீழே இழுத்தால் இயங்கும் வகை ரிலே என்றால், அந்தப் பின்னுக்கு 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் புல்-அப் சேர்த்தால் நிரல் தொடங்கும்வரை அமைதியாக இருக்கும். மோட்டார் பம்பு, கேட் போன்றவற்றில் இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல.

### ரிலே போட்டால் அணைய மறுக்கிறது

5 வோல்ட் நீல ரிலே மாட்யூலின் உள்ளீட்டுக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும், விசிசியின் 5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் 1.7 வோல்ட் வித்தியாசம் மிச்சம். ஆப்டோகப்ளர் (உள்ளே ஒரு விளக்கு மூலம் சிக்னலைக் கடத்தும் பகுதி) அரைகுறையாக எரிந்துகொண்டே இருக்கும். மாட்யூலில் ஜேடி-விசிசி ஜம்பர் இருந்தால் கழற்றுங்கள். ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட், விசிசிக்கு 3.3 வோல்ட். ஜம்பர் இல்லாத மாட்யூலுக்கு நடுவில் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் வேண்டும். அப்போது இயக்கும் நிலை தலைகீழாகும், நிரலிலும் மாற்றுங்கள்.

ரிலேயின் மறுபக்கத்தில் 230 வோல்ட் இருந்தால் அந்தப் பக்க வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். யூஎஸ்பி கணினியில் செருகியிருக்கும்போது அந்தப் பக்கம் தொடவே கூடாது.

### பட்டன் தொடாமலே அழுந்துகிறது

34 முதல் 39 வரை இன்புட் மட்டுமே. உள் புல்-அப் கிடையாது. நிரலில் புல்-அப் என்று எழுதினாலும் ஒன்றும் நடக்காது. வெளியே 10 கிலோஓம் போடுங்கள். 36, 39 இரண்டிலும் கூடுதல் குறை: ஏடிசி போன்ற சில பகுதிகள் விழிக்கும்போது சுமார் 80 நானோநொடிக்கு இவை கீழே இறங்கும். எண்ணும் சென்சார், இன்டரப்ட் இவற்றுக்கு இந்த இரண்டையும் தவிருங்கள்.

## அறிகுறி 8: சூடு

ரெகுலேட்டர் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. விரல் வைக்க முடியவில்லை என்றால் விஐஎன்னில் என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 12 வோல்ட் கொடுத்து 200 மில்லிஆம்பியர் இழுத்தால், 8.7 வோல்ட்டும் வெப்பமாகிறது, அதாவது 1.74 வாட். அந்தச் சின்ன ஏஎம்எஸ்1117-க்கு இது தாங்காது. 12-ஐ பக் கன்வெர்ட்டரில் 5 ஆக்கிக் கொடுங்கள். விஐஎன், யூஎஸ்பி இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் வேண்டாம்.

மாட்யூலின் தகரமூடி ஒரே இடத்தில் கொதிக்கிறது என்றால் உடனே பிடுங்குங்கள். மின்சாரம் இல்லாமல் 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். சில ஓம் மட்டுமே காட்டினால் ஷார்ட். யார் மேல் குற்றம் என்று அறிய ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி அளவிடுங்கள் (அதன் பெரிய தகடு அவுட்புட், கிரவுண்ட் அல்ல, வெட்டும்போது கவனம்). ஷார்ட் போய்விட்டால் ரெகுலேட்டர்தான் கெட்டது, மாற்றலாம். ஷார்ட் நின்றால் பெரும்பாலும் சிப் எரிந்திருக்கிறது.

சிப் எரிய வழக்கமான வழி, 5 வோல்ட் சிக்னல். இதன் பின்கள் 5 வோல்ட் தாங்காது. எச்சி-எஸ்ஆர்04-இன் எக்கோ காலை நேராக மாட்டினால் சில நாள் ஓடிக் காட்டி ஏமாற்றவும் செய்யும். 1 கிலோஓம், 2 கிலோஓம் கொண்டு வகுத்துக் கொடுங்கள்.

## அறிகுறி 9: வைஃபை பிடிக்கவில்லை

இஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். போன் ஹாட்ஸ்பாட் 5-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, பின்னால் ஒட்டிய இடைவெளி இவற்றைச் சரிபாருங்கள். அடுத்தது ஆன்டெனா: வளைந்த தாமிரக்கோடு இருக்கும் முனை பிரெட்போர்டின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கட்டும், 15 மில்லிமீட்டர் சுற்றளவில் வயரோ உலோகமோ பேட்டரியோ வேண்டாம். உலோகப் பெட்டிக்குள் வைத்தால் வேலை செய்யாது. வெளி ஆன்டெனா சாக்கெட் உள்ள வ்ரூம்-32யூ மாட்யூல் வாங்குங்கள்.

## அறிகுறி 10: பேட்டரியில் நிற்கவில்லை

விஐஎன்னில் ஒற்றை லித்தியம்-அயன் செல் மாட்டினால், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஏஎம்எஸ்1117 தனக்கென்று 1.1 வோல்ட் எடுத்துக்கொள்கிறது, மீதி 3.1. வைஃபை தொடங்கியதும் பிரவுன்அவுட். செல்லை நேராக 3.3 வோல்ட் பின்னில் மாட்டுவது இன்னும் மோசம். சிப்பின் எல்லை 3.6. எச்டி7833 போன்ற குறைந்த இழப்பு ரெகுலேட்டர் வழியாக 3.3 வோல்ட் பின்னுக்குக் கொடுங்கள்.

ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் என்று படித்துவிட்டு, மீட்டரில் பல மில்லிஆம்பியர் பார்த்தால் திகைக்காதீர்கள். சிப் தூங்குகிறது, மின்சார விளக்கு, யூஎஸ்பி சிப், சும்மாவே சுமார் 5 மில்லிஆம்பியர் தின்னும் ஏஎம்எஸ்1117 மூன்றும் தூங்கவில்லை. விளக்கின் ரெசிஸ்டரைக் கழற்றலாம். மாதக்கணக்கில் பேட்டரியில் ஓடவேண்டிய வேலைக்கு டெவ்கிட் போர்டே தவறான தேர்வு. வெறும் மாட்யூலை வாங்கித் தனிப் பலகையில் வையுங்கள்.

## எப்போது கையை விடுவது

ரெகுலேட்டர், டயோடு, சாக்கெட் வரை ஹாட் ஏர் வைத்திருக்கும் எந்த மொபைல் சர்வீஸ்காரரும் செய்துகொடுப்பார். மாட்யூல் மாற்றுவது வேறு கதை. ஓரக் கால்கள் 38-உடன், அடியில் கண்ணுக்குத் தெரியாத பெரிய கிரவுண்ட் தளமும் சால்டரில் இருக்கிறது. கீழிருந்து சூடேற்றாமல் பிடுங்கினால் தடங்கள் கையோடு வரும். கூலி, மாட்யூல் விலை இரண்டையும் கூட்டினால் புதுப் போர்டின் சில நூறு ரூபாயைத் தாண்டிவிடும். சொந்தமாக வடிவமைத்த விலையுள்ள பலகையில் மாட்யூல் இருந்தால் மட்டும் கொடுத்து மாற்றுங்கள். டெவ்கிட்டில் மாட்யூல் செத்திருந்தால், அதன் பின் ஹெடர்களையும் கெப்பாசிட்டர்களையும் கழற்றி வைத்துக்கொண்டு புதுசு வாங்குங்கள். ஆனால் பழையதைக் கொன்ற வயரைக் கண்டுபிடிக்காமல் புதியதை அதே பிரெட்போர்டில் செருகாதீர்கள்.